மூன்று சிலுவைகள், ஒரு செப்புத் தகடு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

டச்சு ஓவியர் ரெம்பிராண்ட், இயேசு சிலுவையில் அறையப்பட்ட காட்சியைச் செப்புத் தகட்டில் கீறி அச்சிட்ட ‘மூன்று சிலுவைகள்’ அச்சோவியத்தை இரண்டு அருங்காட்சியகங்களின் இணையத் தொகுப்பில் பார்த்தேன். பெயர் ஒன்றுதான், தகடும் ஒன்றுதான் என்கிறார்கள். படங்களோ வேறு வேறு. ஒன்றில் வானிலிருந்து வெளிச்சம் கொட்டுகிறது, கூட்டத்தில் ஆளாளை அடையாளம் காண முடிகிறது. மற்றொன்றில் பாதிப் படத்தை இருட்டு விழுங்கிவிட்டது. தகடு தேய்ந்துபோனதால் கோடுகளை அள்ளிப் போட்டு மறைத்துவிட்டார் என்று ஓவியம் பயின்ற நண்பர் சொல்கிறார். அப்படியானால் அந்த இருட்டில் நாம் பொருள் தேடுவது வீண்தானா?

ர.

அன்புள்ள ர. அவர்களுக்கு,

தகடு தேய்ந்தது என்று உங்கள் நண்பர் சொன்னது சரி. மறைத்தார் என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

எட்சிங் என்ற அச்சு முறையில் தகட்டின் கோட்டை அமிலம் அரித்துத் தரும். ரெம்பிராண்ட் இங்கே கையாண்ட டிரைபாயிண்டில் அமிலத்துக்கு வேலை இல்லை. கூரிய ஊசியைப் பேனாபோலப் பிடித்துச் செப்புத் தகட்டில் நேராகக் கீற வேண்டும். கொழு போகும் வழியில் மண் புரண்டு சாலின் ஓரத்தில் ஒதுங்குவதைப்போல, ஊசி போகும் வழியில் செம்பு பிசிறாக எழும்பிக் கோட்டின் ஓரத்தில் நிற்கும். மையைத் தடவித் துடைக்கும்போது அந்தப் பிசிறில் சிக்கிக்கொள்ளும் மைதான் வெல்வெட்டைப் போன்ற மெத்தென்ற கருமையைத் தருகிறது. உருளையின் அழுத்தத்தில் ஒவ்வொரு பிரதிக்கும் பிசிறு சிறிது சிறிதாகப் படிந்துபோகும். சில பத்துப் பிரதிகளுக்குள் கருமை போய் மெலிந்த கோடு மட்டும் எஞ்சும். எட்சிங்குக்கு மேல் கடைசிக் கருமை சேர்க்கவே பெரும்பாலும் பயன்பட்டுவந்த இந்த முறையில், ஏறத்தாழ 38 செ.மீ. உயரமும் 45 செ.மீ. அகலமும் கொண்ட ஒரு பெருங்காட்சி முழுவதையும் கீற முடிவெடுத்தவருக்கு, தகடு எவ்வளவு விரைவில் தேயும் என்பது முதல் நாளே தெரிந்திருக்கும். முதல் பிரதிகளில் சிலவற்றை அவர் தாளில்கூட எடுக்கவில்லை, பதப்படுத்திய கன்றுத்தோலில் எடுத்தார். தகட்டின் மேல் மையை ஓரிடத்தில் துடைத்தும் ஓரிடத்தில் படலமாக விட்டும், பிரதிக்குப் பிரதி வெளிச்சத்தை மாற்றிப் பார்த்தார்.

தகட்டில் மாற்றம் செய்து மீண்டும் அச்சிடும் ஒவ்வொரு கட்டத்தையும் ‘நிலை’ என்பார்கள். இந்தத் தகட்டுக்கு ஐந்து நிலைகள் உண்டு. நீங்கள் பார்த்த இருண்ட படம் நான்காம் நிலையாக இருக்கும், வெளிச்சமானது அதற்கு முந்தையது. மூன்றாம் நிலையில்தான் தம் பெயரையும் 1653 என்ற ஆண்டையும் பொறித்தார். அதுவரை சிலுவையடியில் ஒருவன் முழந்தாளிட்டுக் கைகளை விரித்திருப்பதைக் காணலாம். பைபிளின் லூக்கா நற்செய்தி 23ஆம் அதிகாரத்தில், நடந்ததைக் கண்டு தேவனை மகிமைப்படுத்தும் நூற்றுக்கு அதிபதி, அதாவது ரோமப் படைத்தலைவன் அவன். நான்காம் நிலையில் அந்த மனிதன் அந்த இடத்தில் இல்லை. அவனிருந்த பக்கத்தில், உயர்ந்த தொப்பி அணிந்த ஒருவர் குதிரைமேல் அசையாமல் அமர்ந்திருக்கிறார். 15ஆம் நூற்றாண்டு இத்தாலியக் கலைஞர் பிசனெல்லோ, மாண்டுவா நகரின் ஆட்சியாளர் ஜான்பிரான்செஸ்கோ கொன்சாகாவுக்காக வார்த்த பதக்கத்தில் உள்ள குதிரை வீரரின் உருவம் அது.

தேய்ந்த தகட்டைச் சரிசெய்வது மட்டுமே நோக்கமென்றால், பழைய கோடுகளின் மேலேயே மீண்டும் ஊசியை ஓட்டியிருந்தால் போதும். அவர் செய்தது அதைவிடக் கடினமான வேலை. செம்பில் கீறிய உருவத்தை அழிக்க வேண்டுமென்றால் அந்தப் பரப்பைச் சுரண்டி, தேய்த்து வழவழப்பாக்கி, அதன் பிறகே புதிதாகக் கீற முடியும். மறைக்க நினைப்பவர் அந்தப் பாடு படமாட்டார். அத்தனை உழைப்புக்குப் பிறகும் பழைய உருவங்கள் முற்றிலும் போய்விடவில்லை. முன்பு நின்றவர்களின் வெளிறிய கோடுகள் புதிய கோடுகளுக்கு அடியில் அங்கங்கே தெரிகின்றன.

என் வாசிப்பு இது. முதல் மூன்று நிலைகள் லூக்கா 23ஆம் அதிகாரத்தின் 47ஆம் வசனத்தில் நிற்கின்றன. அங்கே ஒருவன் காண்கிறான், கண்டதை அறிக்கையிடுகிறான். நான்காம் நிலை மூன்று வசனம் பின்னே போய், பூமியெங்கும் அந்தகாரம் உண்டாகும் 44ஆம் வசனத்தில் நிற்கிறது. அங்கே இன்னும் யாரும் எதையும் உணரவில்லை. குதிரைமேல் இருப்பவரே நூற்றுக்கு அதிபதி என்று கொள்வோரும் உண்டு. அப்படியே வைத்துக்கொண்டாலும், அவர் இன்னும் இறங்கி முழந்தாளிடவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மனம் மாறிய மனிதனை எடுத்துவிட்டு, மாறுவதற்கு முந்தைய மனிதனை வைக்கத் துணிந்த அந்த முடிவை வெறும் பழுதுபார்ப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஐந்தாம் நிலையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பிரான்ஸ் கரெல்சே என்ற பதிப்பாளரின் பெயர் சேர்ந்திருக்கிறது.

ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் தன் தொகுப்பைப் பெரிய அளவில் பார்க்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறது. நான்காம் நிலையைத் திறந்து, மையச் சிலுவையிலிருந்து இடப்பக்கமாக, குதிரைகள் நிற்கும் பகுதியை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள். எந்தக் கோடு முதலில் கீறியது, எந்தக் கோடு பிறகு கீறியது என்று பிரித்துப் பார்த்து நண்பருக்கும் காட்டுங்கள். அவருக்கு என்ன தோன்றுகிறது என்பதை எனக்கு எழுதினால் மகிழ்வேன்.