காய்ச்சல் இல்லாத பிள்ளைக்கும் டெஸ்ட் எடுத்துட்டு வா என்று பள்ளிக்கூடம் சொன்னால் எடுக்க வேண்டுமா?

கேள்வியைப் பார்த்தால் உங்களுக்கும் ஞாயிற்றுக்கிழமை ராத்திரிதான் மெசேஜ் வந்திருக்கும் போல. "பள்ளியில் வைரஸ் தொற்று பரவுவதால் தங்கள் பிள்ளைக்குப் பரிசோதனை செய்து ரிசல்ட்டுடன் அனுப்பவும்" என்று போட்டு, கீழே இரண்டு கும்பிடு. பிள்ளை நன்றாகத்தான் ஓடி ஆடிக்கொண்டிருக்கிறது. எடுப்பதா, விடுவதா என்று வீட்டில் பேச்சு முற்றி, கடைசியில் இங்கே வந்து கேட்டிருக்கிறீர்கள்.

என்னைக் கேட்டால், வகுப்பில் எல்லாப் பிள்ளைகளிடமும் கேட்டிருந்தால் பேசாமல் எடுத்துவிடுங்கள். சில பிள்ளைகளிடம் மட்டும் கேட்டிருந்தால், யார் யாரிடம் கேட்டார்கள் என்று முதலில் விசாரியுங்கள். மூக்கில் குச்சி விடுவதை அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இதைப் படித்ததும் "இவள் ஊசிக்கு எதிரி, கொரோனாவே பொய் என்கிற கூட்டம்" என்று சிலர் கிளம்புவீர்கள். இல்லைங்க. நானும் என் வீட்டுக்காரரும் முறையாக இரண்டு ஊசியும் போட்டவர்கள். இரண்டாம் அலையில் எங்கள் தெருவிலேயே சாவு விழுந்தது. மையவாடிக்குக் கூடப் போக முடியாமல் வாசலில் நின்று அழுதவர்கள் நாங்கள். அந்த நோயின் பயம் எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நான் டாக்டரும் இல்லை. ராமேஸ்வரம் தீவில் இருக்கிற தங்கச்சிமடத்தில் மல்லிகை நாற்று கட்டுகிற வேலைக்குப் போகிறேன், வீட்டுக்காரர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறார். பட்டதைத்தான் எழுதுகிறேன்.

2022 பிப்ரவரி. ஒமைக்ரான் வந்து ஜனவரி முழுக்கப் பூட்டிக் கிடந்த பள்ளிக்கூடங்களை பிப்ரவரி 1-ம் தேதி ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் திறந்தார்கள். மூத்தவள் அப்போது ஏழாவது, சின்னவன் மூன்றாவது. பதினைந்து வயதுக்கு மேல் உள்ள பிள்ளைகளுக்கு ஜனவரி 3-லிருந்து ஊசி போட ஆரம்பித்திருந்தார்கள். பன்னிரண்டு வயதுக்காரர்களுக்கு மார்ச்சில்தான் வந்தது. அதனால் பள்ளிக்கூடத்துக்குப் பயம் இருந்ததில் தப்பே சொல்ல மாட்டேன்.

எங்களுக்கு மெசேஜ் வரவில்லை, போன்தான் வந்தது. அலுவலகத்தில் இருக்கிற பெண். "அக்கா, பாப்பாவுக்கும் தம்பிக்கும் கொரோனா டெஸ்ட் எடுத்து நெகட்டிவ் பேப்பரோட அனுப்புங்க, இல்லேன்னா உள்ள விட மாட்டாங்க." சரிம்மா என்று வைத்துவிட்டேன். எல்லாருக்கும்தான் போலிருக்கிறது என்று நினைத்தேன். சின்னவன் வகுப்பு குரூப்பில் போய்ப் பார்த்தால் அதில் வீட்டுப்பாடம், ஒரு பிறந்தநாள் வாழ்த்து, அவ்வளவுதான். ராமேஸ்வரத்தில் லாட்ஜ் வைத்திருக்கிறவர் வீட்டு அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். "எனக்கு எதுவும் வரலையே, எதுக்கு டெஸ்ட்டு?" என்றார். அடுத்து பாம்பனில் ஒரு அக்கா, அவர் வீட்டுக்காரரும் படகில் போகிற போட்டுக்காரர். அவருக்குப் போன் வந்திருக்கிறது. சின்னப்பாலத்தில் பாசி எடுக்கப் போகிற ஒரு மதினி, அவருக்கும் வந்திருக்கிறது. அப்புறம் கேட்ட வீட்டிலெல்லாம் இதே கதைதான். கடலுக்குப் போகிற வீடு என்றால் போன். மற்ற வீடுகளுக்கு ஒன்றுமில்லை.

காரணம் என்னவென்று எங்களுக்கே தெரியும். 2021 டிசம்பரில் எங்கள் பக்கத்துப் படகுகளை இலங்கை நேவி வளைத்துப் பிடித்துக்கொண்டு போனது. ஜனவரி கடைசியில் அங்கே கோர்ட்டில் 56 பேரை விடுதலை செய்தார்கள். அதில் சிலருக்கு கொரோனா என்று செய்தி வந்தது. உடனே, கடலுக்குப் போகிறவன் எல்லாம் கொரோனாவோடு திரும்புகிறான் என்று தீவு முழுக்கப் பேச்சு. என் வீட்டுக்காரர் அந்தப் பக்கமே பிடிபடவில்லை. சனி, திங்கள், புதன் அனுமதி டோக்கன் போட்டுப் போவார், மறுநாள் காலையில் கரையில் நிற்பார். கடலில் அவரோடு இருப்பது கூடப் போன நாலைந்து பேர். லாட்ஜுக்காரர் வீட்டிலோ காசியிலிருந்தும் குஜராத்திலிருந்தும் வந்து அக்கினித் தீர்த்தத்தில் முழுகிவிட்டு வருகிறவர்களுக்குச் சாவி எடுத்துக் கொடுக்கிறார்கள். அவர் பிள்ளைக்கு டெஸ்ட் வேண்டாம், என் பிள்ளைக்கு வேண்டும். லாட்ஜ் தொழிலைக் குறை சொல்லவில்லை, அவர்களும் இரண்டு வருஷம் அடிபட்டவர்கள்தான். கணக்கு இடிக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

அப்படியும் டெஸ்ட் எடுக்கத்தான் போனேன், சண்டைக்குப் போகவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிஸ்டர் இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தார். "காய்ச்சல் இருக்கா? இருமல்? வீட்டுல யாருக்காச்சும் பாசிட்டிவா?" எல்லாவற்றுக்கும் இல்லை. "அப்ப எதுக்கும்மா எடுக்குறது? அறிகுறி இல்லாதவங்களுக்கு எடுக்க வேண்டாம்னு ஐசிஎம்ஆரே சொல்லிட்டாங்களே." அவர் சொன்னது உண்மைதான். 2022 ஜனவரி 10-ம் தேதி ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், விட்ட அறிவிப்பில் அறிகுறி இல்லாதவர்களுக்குப் பரிசோதனை தேவையில்லை என்றுதான் இருந்தது. தொற்று உள்ளவரோடு பழகியவர்களுக்கே, வயதானவராகவோ சுகர், பிரஷர் மாதிரி வேறு நோய் உள்ளவராகவோ இருந்தால்தான் எடுக்கச் சொன்னார்கள். "அதையே ஒரு சீட்டுல எழுதிக் குடுங்க சிஸ்டர், பள்ளிக்கூடத்துல காட்டுறேன்" என்றேன். அதற்கெல்லாம் வழி இல்லை என்றுவிட்டார். அவரும் என்ன செய்வார், பின்னால் வரிசை நிற்கிறது.

ஆஸ்பத்திரி எடுக்காதே என்கிறது, பள்ளிக்கூடம் எடுக்காமல் வராதே என்கிறது. பாலம் தாண்டி ராமநாதபுரம் போய் தனியார் லேபில் எடுத்தால் ஆர்டிபிசிஆர் என்கிற லேப் டெஸ்டுக்கு ஆளுக்கு 900 ரூபாய். இரண்டு பிள்ளைக்கும் 1800, பஸ் காசு தனி, என் ஒரு நாள் கூலியும் போச்சு. ரிசல்ட் வர மறுநாள் ஆகும். அதுவரை அந்தப் பிள்ளை எங்கே எங்கே போய் யாரோடு விளையாடியதோ அதற்கு யார் பேப்பர் தருவது?

கடைசியில் மெடிக்கலில் வீட்டிலேயே பார்க்கிற கிட் வாங்கினேன், டப்பா மேல் 250 ரூபாய் போட்டிருந்தது. ஆளுக்கு ஒன்று. மூத்தவளைத் திண்ணையில் உட்கார வைத்து, கையைக் கழுவிக்கொண்டு, தாளில் போட்டிருந்தபடி குச்சியை மூக்குக்குள் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் விட்டு ஐந்து சுற்று, அடுத்த மூக்கிலும் ஐந்து சுற்று. அவள் கண்ணில் தண்ணி வந்தாலும் அசையாமல் இருந்தாள். சின்னவன் தலையைப் பின்னால் இழுத்து, என் முகத்திலேயே தும்மி, குச்சியைத் தட்டிவிட்டு, பக்கத்து வீட்டுக்கு ஓடிவிட்டான். பிடித்துக்கொண்டு வந்து தொடை இடுக்கில் வைத்துத்தான் எடுத்தேன். குச்சியை அந்தக் குழாய்த் தண்ணியில் முக்கி, மருந்து அட்டையில் இரண்டு சொட்டு விட்டு, பதினைந்து நிமிஷம். இருபது தாண்டினால் ரிசல்ட் செல்லாது என்று போட்டிருந்ததால் மூத்தவள் போனில் அலாரம் வைத்துக்கொண்டு அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சி பக்கம் ஒரு கோடு விழுந்தது. டி பக்கம் ஒன்றுமில்லை. நெகட்டிவ்.

அந்தப் பதினைந்து நிமிஷம் நான் என்ன யோசித்துக்கொண்டிருந்தேன் என்றால், பாசிட்டிவ் என்று வந்தால் என்ன ஆகும் என்றுதான். அப்போதைய விதிப்படி ஏழு நாள் வீட்டில் இருக்க வேண்டும். எங்கள் தெருவில் அப்படி ஒரு வீடு என்றால் டிரைவர் அந்த வீட்டு ஆளைப் போட்டில் ஏற்ற மாட்டார். ஒரு வாரத் தொழில் போகும். ரிசல்ட்டைக் கேட்கிற பள்ளிக்கூடத்துக்கு அந்த வாரம் என் வீட்டு உலைக்கு அரிசி எங்கிருந்து வரும் என்கிற கவலை இருக்குமா? கேட்கிற இடத்தில் இருக்கிறவர்கள் இதை ஒரு தடவையாவது நினைக்க வேண்டும்.

மறுநாள் கிட் அட்டையைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனால், "இதுல பிள்ளை பேரு இல்லையே, யாரு எடுத்ததுன்னு எப்படித் தெரியும்?" என்கிறார்கள். நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்துதான் போயிருந்தோம். மேடம் ரூமில் மேசைக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் சீட் தொங்கியது. நாங்கள் அந்தப் பக்கம் நின்றோம். நான் கேட்டது இவ்வளவுதான்: "மேடம், எல்லாப் பிள்ளைக்கும் கேட்டிருக்கீங்களா?" பதில் இல்லை. "டீச்சர்ஸ் எடுத்திருக்காங்களா? வேன் டிரைவர் எடுத்திருக்காரா?" அதற்கும் இல்லை. "பாதுகாப்புக்காகத்தாம்மா" என்றார். "பாதுகாப்புன்னா எல்லாருக்கும் எடுங்க மேடம், நாங்களும் எடுக்குறோம். இல்லேன்னா, போட்டுக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும்னு எழுதி ஸ்கூல் சீல் போட்டுக் குடுங்க." சின்னப்பாலத்து மதினி இன்னும் சத்தமாக ஒன்று சொன்னார், அதை இங்கே எழுத முடியாது. கொஞ்ச நேரம் கழித்து "பிள்ளைங்களை கிளாசுல போய் உக்காரச் சொல்லுங்க" என்றார்கள். அவ்வளவுதான். அப்புறம் யாரும் பேப்பர் கேட்கவே இல்லை. வருத்தம் என்றும் சொல்லவில்லை. எனக்கு அதில் பெருமைதான், மறைக்க மாட்டேன்.

"அப்படியானால் டெஸ்டே வேண்டாம் என்கிறாயா?" அதுவும் இல்லை. ஒழுங்காகச் செய்த இடமும் இருக்கிறது. என் சித்தி மகள் இங்கிலாந்தில் இருக்கிறாள். அங்கே 2021 மார்ச்சில் பள்ளிகளைத் திறந்தபோது பெரிய வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும் கிட்டை இலவசமாகவே கொடுத்து, வாரம் இரண்டு தடவை வீட்டில் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். கட்டாயம் கிடையாது, விருப்பம் இருந்தால்தான். முதலில் சில தடவை பள்ளியிலேயே வைத்து எப்படி எடுப்பது என்று காட்டிக் கொடுத்தார்களாம். இன்றைக்கு நெகட்டிவ் என்றால் இன்றைக்குத்தான். அதனால்தான் திரும்பத் திரும்ப எடுக்கச் சொன்னார்கள். கிட்டில் நெகட்டிவ் வந்தும் காய்ச்சல் இருந்தால் ஆர்டிபிசிஆர் பார்க்க வேண்டும் என்று அப்போது நம் ஊர் விதியிலேயே இருந்தது. திங்கட்கிழமை ஒரே ஒரு பேப்பரை வாங்கி ஃபைலில் குத்திவிட்டு அந்த வாரம் முழுக்க நிம்மதியாக இருப்பதில் என்ன பிரயோஜனம் என்று எனக்குப் புரியவில்லை. காய்ச்சல் உள்ள பிள்ளையை லீவு கணக்குப் பார்க்காமல் வீட்டில் இருக்க விட்டாலே பாதி நோய் வகுப்புக்குள் வராது. நூறு சதவீத அட்டெண்டன்ஸுக்குப் பரிசு கொடுத்துக்கொண்டே டெஸ்டும் கேட்டால் எப்படி?

உங்கள் பள்ளியில் இப்படி ஓரவஞ்சனை எதுவும் இல்லாமல் இருக்கலாம். நல்லது. அப்படியென்றால் மூன்று விஷயம் மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: எந்த டெஸ்ட், யார் செலவு, பாசிட்டிவ் வந்தால் பிள்ளை பெயரை குரூப்பில் போடுவார்களா. கடைசிக் கேள்விக்கு "போட மாட்டோம்" என்று தெளிவாகப் பதில் வரும்வரை ரிசல்ட்டை டீச்சர் கையில் தவிர வேறு யாரிடமும் கொடுக்காதீர்கள்.

இந்த வாயை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்தில் இன்னொன்றும் கேட்டுப் பார்த்தேன், அதில்தான் ஜெயிக்க முடியவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகு எதுவும் கடலில் இறங்காது. தடைக்கால நிவாரணம் அப்போது 5000 ரூபாய், 2023-ல் மண்டபத்தில் நடந்த மாநாட்டில்தான் 8000 ஆக்குவதாக முதல்வர் அறிவித்தார். பள்ளிக்கூடம் முதல் டேர்ம் பீசை எப்போது கேட்கிறது? ஜூன் முதல் வாரம். கடலோரத்தில் பள்ளிக்கூடம் நடத்துகிறவர்களுக்கு ஜூன் முதல் வாரத்தில் எந்தப் போட்டுக்காரர் வீட்டிலும் காசு இருக்காது என்று தெரியாதா? தேதி தாண்டினால் அபராதம், புத்தகம் கிடையாது. பிள்ளை வந்து நோட்டை மட்டும் காட்டும். "ஜூலைக்கு மாத்துங்க மேடம், போட்டு இறங்கி ரெண்டு பாடு பாத்துட்டுக் கட்டிடுறோம்" என்று சொல்லாத வருஷம் இல்லை. "மேனேஜ்மென்ட்ல பேசுறோம்" என்பார்கள். மூத்தவள் இப்போது பிளஸ் ஒன், இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று தெரியும். ஆனால் கேட்டவர் கடலோரத்துக்காரராக இருந்து உங்கள் ஊரில் எந்தப் பள்ளிக்கூடமாவது இந்தத் தேதியை மாற்றியிருந்தால், எப்படிப் பேசி மாற்ற வைத்தீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள்.