தெர்மாகோலுக்குப் பதிலா மரநார்: வாங்கறவங்க கேள்வி, நம்ம பதில்

கேள்வி: கண்ணாடி ஜாடி பார்சல் அனுப்புறேன். தெர்மாகோல விட்டுட்டு மரநார் ஃபோமுக்கு மாறலாமா, அடி தாங்குமா?

பதில்: தாங்கும். மரநாரத் தண்ணியில கரைச்சு நுரைக்க வச்சு, அந்தக் காத்து உள்ள இருக்கும்போதே காய வைக்கிறாங்க, தெர்மாகோல்லயும் 95 சதவீதத்துக்கு மேல காத்துதான், அதனால ரெண்டுமே நசுங்கித்தான் அடிய வாங்குது. வித்தியாசம் ஈரத்துல. மரநார் ஈரத்த இழுக்கும், இழுத்தா தொய்ஞ்சுடும். சாம்பிள் வாங்கி, ஈரக்காத்து அடிக்கிற இடத்துல ரெண்டு நாள் போட்டு வச்சுட்டு, அப்புறம் ஜாடிய உள்ள வச்சு பெட்டிய மூலை, விளிம்பு, தட்டைப்பக்கம்னு மாத்தி மாத்திக் கீழ போடுங்க. ஒரே பெட்டியத் திரும்பத் திரும்பப் போடணும், ஏன்னா நசுங்கின இடம் அடுத்த அடிய அவ்வளவா தாங்காது.

கேள்வி: விலை கம்மியா வந்துச்சுன்னு ஆயிரம் மோல்டட் பல்ப் ட்ரே (பேப்பர் கூழ அச்சுல வார்த்த தட்டு) வாங்கிட்டேன். என் பொருள் உள்ள உக்காரல. திருப்பி எடுப்பாங்களா?

பதில்: சொன்ன அளவுலதான் ட்ரே வந்திருக்குன்னா எடுக்க மாட்டாங்க. ஒரு ட்ரே வாங்கிப் பாக்காம ஆயிரம் ஏங்க வாங்குனீங்க?

கேள்வி: 'முழுக்க மக்கும்'னு போட்டிருந்த பேக்கிங் ஃபோம தோட்டத்துல புதைச்சேன். ஒரு வருஷமாகியும் அப்படியே கிடக்கு. கேட்டா கம்பெனி வாயே திறக்கல.

பதில்: உங்கள ஏமாத்திருக்காங்க, உங்க மேல தப்பில்ல. இந்த 'மக்கும்'ங்கற வார்த்தைய பாத்தாலே எனக்கு ஆத்திரம் வருது. எங்க மக்கும், எத்தன நாள்ல, எந்தச் சூட்டுல? பேக்கிங் மக்குமான்னு பாக்குற ஐரோப்பாவோட இஎன் 13432 தரத்துல 12 வாரத்துல பொருள் துண்டு துண்டா உடையணும், 6 மாசத்துக்குள்ள 90 சதவீதம் உயிரிச்சிதைவு ஆகணும், அதுவும் 58 டிகிரி கிட்ட இருக்கிற கம்போஸ்ட் ஆலைச் சூட்டுல, உங்க தோட்டத்து மண்ணுல இல்ல. ஆக்ஸோ-டீக்ரேடபிள்னு ஒண்ணு வித்தாங்களே, அது வெறுமன பொடியாகிற பிளாஸ்டிக்தான், 2021 ஜூலைல இருந்து ஐரோப்பிய யூனியன்ல அதுக்குத் தடை. நானும் மரநார்னு நம்பி ஒரு இடத்துல குஷன் ஷீட் வாங்கினேன், தண்ணியில ஊற வச்சா மேல இருந்த நார் கழண்டு போச்சு, உள்ள பிளாஸ்டிக் ஃபிலிம் மொத்தமா உரிஞ்சு வந்துச்சு. நீங்க லேபிளையும் மிச்சம் கிடக்கிற ஃபோமையும் போட்டோ எடுங்க, எந்தத் தரச் சான்றுன்னு எழுத்துல கேளுங்க, பதில் வரலன்னா பொய் விளம்பரம்னு நுகர்வோர் புகார் குடுத்து காச திருப்பிக் கேளுங்க. விட்டுடாதீங்க.

கேள்வி: எஃப்எஸ்சி முத்திரை இருக்கு. அப்போ மறுசுழற்சிக்குப் போடலாம்தானே?

பதில்: அது மரமும் நாரும் எங்கருந்து வந்துச்சுன்னு சொல்ற முத்திரை, தூக்கிப் போட்டப்புறம் என்ன ஆகும்னு அதுல இல்ல. பிளாஸ்டிக் பூச்சு, மெழுகு இருக்கான்னு பிச்சுப் பாருங்க, அப்புறம் உங்க ஊர்ல பேப்பரோட எடுக்குறாங்களான்னு கேளுங்க.