நீட் எழுதாமல் வெளிநாட்டில் எம்பிபிஎஸ்: கட்டிய முன்பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: என் மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள், நீட் எழுதவில்லை. கிர்கிஸ்தானில் நீட் இல்லாமலேயே எம்பிபிஎஸ் சேர்த்துவிடுவதாகச் சொன்ன முகவரிடம் மூன்று லட்சம் ரூபாய் கொடுத்துவிட்டோம். தமிழ்நாட்டுக்கு எப்படியும் விலக்கு வந்துவிடும், இல்லையென்றால் சேர்ந்த பிறகு நீட் எழுதிக்கொள்ளலாம் என்கிறார். ரசீதில் ‘சேவைக் கட்டணம், திருப்பித் தரப்படாது’ என்று அச்சிட்டிருக்கிறது. மகளை அனுப்பலாமா?

பதில்: அனுப்ப வேண்டாம். அந்தப் பல்கலைக்கழகம் உங்கள் மகளைச் சேர்த்துக்கொள்ளக்கூடும். முகவர் சொல்வதில் அந்தப் பாதி உண்மைதான். ஆனால் 2018 மே மாதத்திலிருந்து, வெளிநாட்டில் மருத்துவம் படிக்கச் செல்லும் இந்தியக் குடிமக்கள் நீட்டில் தகுதி பெற்றிருப்பது கட்டாயம். அந்தத் தகுதி இல்லாமல் பட்டம் பெற்றுத் திரும்புபவர், இங்கே மருத்துவராகப் பதிவு பெறுவதற்கான எஃப்எம்ஜிஇ தேர்வை எழுதும் நிலையிலேயே இருக்க மாட்டார். ஐந்தாறு ஆண்டு உழைப்பும் வீட்டை அடமானம் வைத்துத் திரட்டிய பணமும் அந்த இடத்தில் முடங்கிப்போவதுதான் என்னை மிகவும் வருத்துகிறது. ‘சேர்ந்த பிறகு எழுதலாம்’ என்ற பேச்சை நம்பாதீர்கள். தகுதி, சேருவதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும்.

விலக்கைப் பொறுத்தவரை, நம் சட்டமன்றம் 2021 செப்டம்பரிலும், ஆளுநர் திருப்பி அனுப்பிய பின் 2022 பிப்ரவரியிலும் நிறைவேற்றிய சட்டமுன்வடிவுக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் மறுத்துவிட்டதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்திலேயே தெரிவித்தார். அந்தக் கோரிக்கையின் நியாயம் வேறு விஷயம். வராத சட்டத்தை நம்பி ஒரு பெண்ணின் படிப்பைப் பணயம் வைக்கக் கூடாது. உள்நாட்டில் நிர்வாக ஒதுக்கீடு, என்ஆர்ஐ இடம் என்று யாராவது வந்தாலும் இதே பதில்தான்: நீட்டைக் கட்டாயமாக்கும் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 14ஆம் பிரிவு எல்லா இடங்களுக்கும் பொருந்தும்; நீட் சிறுபான்மைக் கல்லூரிகளுக்கும் பொருந்தும் என்று 2020 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

இனி பணம். ஏமாற்றிப் பெற்ற சம்மதத்தின் மேல் எழுந்த ஒப்பந்தத்தை, ஏமாந்தவர் ரத்து செய்யலாம் என்கிறது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 19ஆம் பிரிவு. ஆகவே ரசீதில் அச்சிட்ட அந்த ஒரு வரி முகவரைக் காப்பாற்றாது. ‘நீட் தேவையில்லை’ என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள், விளம்பர நோட்டீஸ், வங்கிப் பரிவர்த்தனைப் பதிவு ஆகியவற்றை அழியாமல் எடுத்துவைத்துக்கொண்டு, பதினைந்து நாள் அவகாசம் கொடுத்து வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்புங்கள். பணம் வராவிட்டால், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் புகார் தரலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் கிடையாது. தெரிந்தே பொய் சொல்லிப் பணம் வாங்கியிருந்தால் குற்றங்களுக்கான தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4)ஆம் பிரிவின்படி காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். அசல் மதிப்பெண் சான்றிதழும் பாஸ்போர்ட்டும் முகவரிடம் இருந்தால், நோட்டீஸுக்குக் காத்திருக்காமல் முதலில் அவற்றை எழுத்துமூலம் கேட்டுத் திரும்ப வாங்கிவிடுங்கள்.