தலையில் அடிபட்டவர் பழையபடி ஆக எத்தனை நாள் ஆகும்? இதற்கென்று ஆராய்ச்சி, சிகிச்சை, உதவி என்ன இருக்கிறது?

நான் டாக்டர் இல்லை. கும்பகோணத்தில் காபிக்கொட்டை வறுத்து அரைத்து விற்கும் கடைக்காரரின் மனைவி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்ற முறை ஒரு பதில் எழுதியபோது, "எந்தக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். படித்தீர்கள்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை ஐயா. ஐசியூ வாசலில் ஒன்பது நாள், அதற்குப் பிறகு வீட்டில் ஆறு வருடம், அவ்வளவுதான் என் படிப்பு.

கேள்வியில், "தம்பிக்கு பைக் விபத்தில் தலையில் அடி, எப்போது பழையபடி ஆவான்?" என்பதற்கு மேல் நீங்கள் விவரம் எழுதவில்லை. டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்துவிட்டார், நடக்கிறார், சாப்பிடுகிறார், ஆனால் ஆள் மாறிவிட்டார் என்று நானாக வைத்துக்கொள்கிறேன். ஏனென்றால் ஐசியூவில் இருப்பவரின் வீட்டார் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. பிழைப்பானா என்பது மட்டும்தான் அங்கே கேள்வி.

2019 ஜூன் மாதம். இரவு ஒன்பதரை மணிக்கு என் கணவர் கடையைப் பூட்டிவிட்டு வண்டியில் வந்துகொண்டிருந்தார். கடைக்கும் வீட்டுக்கும் ஒன்றரை கிலோமீட்டர். அன்று காலை வரை இல்லாத ஒரு வேகத்தடை நடுவழியில் முளைத்திருந்தது. வெள்ளைக் கோடும் இல்லை, தெருவிளக்கும் இல்லை. ஹெல்மெட் வண்டியின் கண்ணாடியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆமாம், தலையில் இருக்க வேண்டியதுதான். அதைச் சொல்வதற்கென்று யாரும் கீழே வர வேண்டாம். ஆறு வருடமாக என் மாமியார் அந்த வேலையைக் குறைவில்லாமல் செய்துகொண்டிருக்கிறார்.

"ஜிசிஎஸ் ஏழு" என்றார் டாக்டர். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கண் திறப்பது, பேசுவது, அசைவது ஆகிய மூன்றுக்கும் போடும் மதிப்பெண் அது. கிளாஸ்கோ நகரத்து டாக்டர்கள் இருவர் 1974-ல் உண்டாக்கியது. முழு மதிப்பெண் 15. ஒன்றுமே செய்யாமல் கிடந்தாலும் 3 உண்டு. 8 அல்லது அதற்குக் கீழே இருந்தால் கடுமையான காயம். உங்கள் தம்பியின் டிஸ்சார்ஜ் தாளில் இந்த எண் இருக்கும், பாருங்கள்.

உறைந்த இரத்தத்தை எடுத்துவிட்டு, மூளை வீங்கினால் இடம் வேண்டும் என்று உள்ளங்கை அளவு மண்டை எலும்பையும் எடுத்து, அவருடைய வயிற்றுத் தோலுக்கு அடியிலேயே வைத்துத் தைத்தார்கள். திரும்ப எடுத்துப் பொருத்தும் வரை மூன்று மாதம் வலது பக்கம் குழியாக இருந்தது. இருமினால் அந்த இடம் மேலே எழும்பித் தாழும், கைக்குழந்தையின் உச்சி போல. அந்தப் பக்கம் படுத்துவிடாமல் இருக்க நானும் மகளும் முறை போட்டு விழித்திருந்தோம்.

கண் திறந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தேன். கண் திறந்த பிறகு வந்ததுதான் பெரும் பாடு. குழாய்களைப் பிடுங்கினார். நர்ஸை அடித்தார். வாழ்நாளில் "வாடி போடி" என்று என்னை அழைக்காதவர், வார்டு முழுக்கக் கேட்கும்படி ஏசினார். மூளை விழித்தெழும் வழியில் இப்படி ஒரு கட்டம் வரும் என்பது டாக்டர்களுக்குத் தெரிந்ததுதான். அமெரிக்காவில் ராஞ்சோ லாஸ் அமிகோஸ் என்ற மருத்துவமனை வகுத்த படிநிலையில் இது நான்காவது படி: குழப்பமும் கொந்தளிப்பும். அதாவது மூன்றாவது படியைத் தாண்டிவிட்டார் என்று சந்தோஷப்பட வேண்டிய நேரம். இந்த ஒரு வரியை அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால், மருத்துவமனைக் கழிப்பறைக்குள் போய் அழுதிருக்க மாட்டேன்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். எத்தனை நாள்?

ஒரு கணக்கு சொல்கிறேன். 2021-ல் அமெரிக்காவில் 484 பேரை ஒரு வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று வெளிவந்தது. கடுமையான காயம் பட்டவர்களில், வீட்டில் எட்டு மணி நேரமாவது தனியாக விட்டுச் செல்லக்கூடிய நிலையிலோ அதற்கு மேலோ இருந்தவர்கள், இரண்டு வாரம் ஆனபோது எட்டில் ஒருவர்தான். ஒரு வருடம் ஆனபோது பாதிக்குச் சற்று மேல். நடுத்தரக் காயக்காரர்களில் நான்கில் மூன்று பேர். கடுமையான காயம் பட்டும் எந்தக் குறையும் மிஞ்சவில்லை என்று சொன்னவர்கள் ஐந்தில் ஒருவர் இருந்தார்கள். ஆகவே இரண்டாம் வாரத்தில் "இனி இவ்வளவுதான்" என்று கையை விரிப்பவரையும் நம்பாதீர்கள், "மூன்று மாதத்தில் குதிரை மாதிரி ஓடுவான்" என்பவரையும் நம்பாதீர்கள்.

இன்னொரு கணக்கு உங்கள் கையிலேயே இருக்கிறது. இன்று நடந்தது நாளைக்கு நினைவில் நிற்கத் தொடங்கிய நாள் எது என்று குறித்து வையுங்கள். அடிபட்ட நாளிலிருந்து அதுவரையிலான இடைவெளி எவ்வளவு நீளமோ, மீட்சியும் அவ்வளவு மெதுவாக இருக்கும். எங்களுக்கு அது ஐந்து வாரம். ஐந்து வாரமும் தினம் காலையில், "கடையைத் திறந்துவிட்டார்களா?" என்று கேட்பார். திறந்தாயிற்று என்பேன். பத்து நிமிடம் கழித்து மறுபடியும் கேட்பார். கடை பூட்டியே கிடந்தது.

அடுத்தது பணம். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். டிஸ்சார்ஜ் சீட்டில் ஏழு மாத்திரை எழுதியிருந்தார்கள். அதில் ஒன்று "மூளைக்குச் சத்து" என்றார் மருந்துக் கடைக்காரர். சிட்டிகோலின். மாதம் மூவாயிரத்துக்கு மேல் ஆயிற்று. எட்டு மாதம் நகையை வைத்து வாங்கினேன். அதே நேரத்தில், நடை வந்துவிட்டது என்று பிசியோதெரபியை மூன்றே வாரத்தில் நிறுத்தியிருந்தோம். பிறகுதான் தெரிந்தது, இதே மருந்தை அமெரிக்காவில் 1,213 பேரிடம் சோதித்திருக்கிறார்கள் என்பது. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை, 90 நாள். இரண்டு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. 2012-லேயே வெளியான முடிவு. என் வளையல் 2019-ல் போயிற்று.

மருந்தே வீண் என்று நான் சொல்லவில்லை. அதே 2012-ல் அமன்டடின் என்ற மருந்தை, விபத்து நடந்து பல வாரமாகியும் நினைவு தெளியாத 184 பேருக்குச் சோதித்தார்கள். கொடுத்த நான்கு வாரமும் அவர்கள் வேகமாகத் தேறினார்கள். இது பார்க்கின்சன் நோய்க்கும் கொடுக்கும் மருந்து. எல்லோருக்கும் ஏற்றதல்ல, கேட்பதானால் நரம்பியல் டாக்டரிடம் கேளுங்கள். வலிப்பு மாத்திரையை மட்டும் என் பேச்சைக் கேட்டோ வேறு யார் பேச்சைக் கேட்டோ நிறுத்திவிடாதீர்கள். எங்கள் தெருவில் ஒருவர் அப்படி நிறுத்தி, கிணற்றடியில் விழுந்தார்.

எங்களுக்கு உருப்படியாகக் கிடைத்தது வேலூரில். சி.எம்.சி.யின் மறுவாழ்வு மையம் பாகாயத்தில் இருக்கிறது. 1966-ல் தொடங்கியது. அதற்கு உயிர் கொடுத்த டாக்டர் மேரி வர்கீஸ், தானே சாலை விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, சக்கர நாற்காலியில் இருந்தபடி அறுவை சிகிச்சை செய்தவர். பெங்களூரு நிம்ஹான்ஸிலும் நரம்பியல் மறுவாழ்வுக்குத் தனித்துறை இருக்கிறது.

வேலூரில் சிகிச்சையாளரான ஒரு பெண் என் கணவரிடம், "ஒரு காபி போட்டுக் கொடுங்கள்" என்றார். எனக்குச் சிரிப்பாக இருந்தது. மூன்று தலைமுறையாகக் காபிக் கடை. அவர் ஃபில்டரைப் பிரித்தார், கீழ்ப் பாத்திரத்தில் பொடியைப் போட்டார், வெந்நீரை அதிலேயே ஊற்றினார், மேல் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இது எதற்கு என்று அதைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை.

தப்பு செய்யவிட்டுத் திருத்தாதீர்கள் என்றார் அந்தப் பெண். அடுத்து என்ன என்று கேட்காதீர்கள், அடுத்ததை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஞாபகம் போனவருக்கு நாம் திருத்தியது நினைவில் நிற்காது. கை செய்த தப்பு மட்டும் கையில் நின்றுவிடும். இங்கிலாந்தில் பார்பரா வில்சன் என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் 1994-லேயே சோதித்துக் காட்டியது இது. நாங்களோ வீட்டில் நேர் எதிராக நடத்திக்கொண்டிருந்தோம். ஹார்லிக்ஸும் சாத்துக்குடியுமாக வரும் உறவுக்காரர்கள் ஒவ்வொருவரும் கட்டில் ஓரம் உட்கார்ந்து, "நான் யார், சொல் பார்ப்போம்?" என்று பரீட்சை வைப்பார்கள். அவர் ஏதோ ஒரு பெயரைச் சொல்வார். "அடப்பாவமே, தெரியவில்லையே!" பிறகு காபி குடித்துவிட்டுப் போவார்கள். வேலூரிலிருந்து வந்த பிறகு வாசலிலேயே நிறுத்தி, "உள்ளே போனதும் உங்கள் பெயரை நீங்களே சொல்லுங்கள்" என்றேன். நாத்தனார் இரண்டு வருடம் என்னோடு பேசவில்லை.

பிறகு நோட்டு. கடையில் அவர் தினமும் சிட்டை எழுதுவார். நீளமான, சிவப்பு அட்டை போட்ட நோட்டு. அந்தப் பழக்கம் மட்டும் அடிபடாமல் இருந்தது. எனவே அதையே ஞாபகப் புத்தகமாக்கினோம். வரவு பக்கத்தில் செய்ய வேண்டியது, செலவு பக்கத்தில் செய்து முடித்தது. போனில் மகளின் குரலைப் பதிந்து அலாரம் வைத்தோம்: "அப்பா, வலிப்பு மாத்திரை." நாங்கள் கண்டுபிடித்தது என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். கலிஃபோர்னியாவில் ஒரு பொறியாளர், தலைக்காயம் பட்ட தன் மகனுக்காக பேஜரில் (செல்போன் பரவும் முன் இருந்த, சேதி காட்டும் சிறு கருவி) இதையே அப்போதே செய்திருக்கிறார். நியூரோபேஜ் என்று பெயர். அதே பார்பரா வில்சன் குழு அதை 143 பேரிடம் சோதித்து 2001-ல் வெளியிட்டது. பேஜர் இருந்தபோது பத்தில் எட்டுப் பேருக்கு மேல் அன்றாட வேலைகளை முன்பைவிட நன்றாகச் செய்தார்கள். அறுபது ரூபாய் நோட்டும் ஒரு அலாரமும் செய்ததை அந்தச் சத்து மாத்திரை செய்யவில்லை என்பதை வயிற்றெரிச்சலோடு சொல்கிறேன்.

சத்தம் தாங்காது என்பதையும் சொல்ல வேண்டும். குக்கர் விசிலுக்கே தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். இந்த நிலையில் ஆடி மாதம் வந்தது. எங்கள் தெருமுனையில் கூம்பு ஒலிபெருக்கி நான்கு. காலை நான்கரைக்கு ஆரம்பித்து இரவு பதினொன்று வரை. நானும் மாரியம்மனுக்கு மாவிளக்கு போடுகிறவள்தான், சாமிக்கு எதிரி இல்லை. இரவு பத்து முதல் காலை ஆறு வரை கூடாது என்று 2000-த்திலேயே விதி இருக்கிறது என்று நிர்வாகியிடம் சொன்னேன். "அம்மனுக்கு விதி இல்லை" என்றார். காவல் நிலையத்தில் புகார் கொடுத்தேன். வந்த காவலர் ஒலிபெருக்கிக்கு அடியில் நின்று கூழ் குடித்துவிட்டுப் போனார். அடுத்த நாள் எங்கள் வாசல் பக்கமாக ஐந்தாவது கூம்பைத் திருப்பினார்கள். இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தம் இல்லைதான். எழுதாமல் இருக்க முடியவில்லை.

அரசு உதவி பற்றிச் சுருக்கமாக: விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு "இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48" திட்டம் 2021 டிசம்பரில் வந்தது. எங்களுக்கு அது கொடுத்துவைக்கவில்லை. ஊனச் சான்றிதழுக்கு 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகை இருக்கிறது, தலைக்காயம் என்று தனியாக ஒரு வகை இல்லை. கை கால் விழுந்திருந்தால் ஒரு தலைப்பு, பேச்சு போயிருந்தால் இன்னொரு தலைப்பு. ஞாபகமும் நிதானமும் போன என் கணவரைப் பார்த்து, "நன்றாகத்தானே நடந்து வருகிறார்" என்றார் அந்த அலுவலர். வேறு வண்டி மோதியிருந்தால் இழப்பீட்டு மனுவை ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. மறுபடி கடைக்குப் போன இரண்டாவது வாரம், பதினெட்டு கிலோ பிளான்டேஷன் ஏ கொட்டை டிரம்மிலேயே கரியாகிவிட்டது. தெருக்காரர்கள் ஓடி வருகிறார்கள். அவர் டிரம்முக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சிட்டை எழுதிக்கொண்டிருக்கிறார். வாசனையை வைத்தே வறுவல் பதம் சொன்னவருக்கு வாசனை அடியோடு போயிருந்தது. ஆறு மாதமாக அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. மூக்கின் கூரையில் சல்லடை போல ஒரு மெல்லிய எலும்பு இருக்கிறதாம். வாசனை நரம்பின் இழைகள் அந்தத் துளைகள் வழியாகத்தான் மூளைக்குப் போகின்றன. தலை மோதி மூளை அசையும்போது இழைகள் அறுந்துவிடும். அடுத்த வருடம் கொரோனாவில் வாசனை போய் வந்தவர்களெல்லாம் "எனக்கு வந்துவிட்டது, உங்களுக்கும் வரும்" என்றார்கள். வரவில்லை. இப்போது டிரம்மில் வெப்பமானி பொருத்தியிருக்கிறோம். கொட்டை வெடிக்கும் சத்தத்தை எண்ணுகிறார். இறக்குவதற்கு முன் என்னைப் பார்ப்பார், நான் தலையாட்ட வேண்டும்.

ஆகவே இன்று ராத்திரியே உங்கள் தம்பியைக் கண்ணை மூடச் சொல்லி, காபிப் பொடி டப்பாவைத் திறந்து மூக்கருகே வைத்துப் பாருங்கள். தெரியவில்லை என்றால், காஸ் கசிந்தாலும் அவருக்குத் தெரியாது. அடுப்படியில் அவரைத் தனியாக விடுவதற்கு முன் காஸ் கசிவுக்கு அலறும் கருவி ஒன்றை வாங்கி மாட்டுங்கள்.