சிறுகதைப் போட்டிக்கு அனுப்புமுன்: வாசகர் கேள்வி பதில்

அறிவித்தலில் "1,500 சொற்களுக்கு மேற்படாமல்" என்று போட்டிருக்கிறார்கள். நான் கையால் எழுதுகிறேன். எப்படிக் கணக்கெடுப்பது? ஐம்பது சொல் கூடினால் தள்ளிவிடுவார்களா?
— வாசகி, ஆரையம்பதி

ஒவ்வொரு சொல்லாக எண்ணிக்கொண்டிருக்கத் தேவையில்லை. எழுதிய தாளில் நிறைந்த வரிகள் பத்தை எண்ணி, வரிக்கு எத்தனை சொல் என்று சராசரி பாருங்கள். வரிக்கு 7 சொல், பக்கத்துக்கு 28 வரி என்றால் பக்கத்துக்கு 196. ஏழரைப் பக்கத்தில் 1,470 வந்துவிடும். உரையாடல் வரிகள் பாதியில் நிற்கும், அவற்றை இரண்டுக்கு ஒன்றாக எடுங்கள். தட்டச்சு செய்தால் ஏ4 தாள், 12 புள்ளி எழுத்து, ஒன்றரை வரி இடைவெளியில் பக்கத்துக்கு ஏறக்குறைய 250 சொல், ஆகவே ஆறு பக்கம்.

கணினி இடைவெளியைப் பார்த்துத்தான் எண்ணும். 'போய் விட்டான்' அதற்கு இரண்டு, 'போய்விட்டான்' ஒன்று. இந்த வித்தியாசத்துக்காகவே 1,450-க்குள் நிறுத்துவது நல்லது. எண்ணிப் பார்க்காத நடுவரும் உண்டு. ஆனால் கட்டுக்கட்டாகக் கதை வந்து குவியும்போது முதல் கழிப்புக்கு இதைவிட வசதியான காரணம் கிடையாது. வெட்டுவதென்றால் முதல் பந்தியில் தொடங்குங்கள். கோழி கூவி, சூரியன் எழும்பி, தேநீர் குடித்து முடிந்த பிறகே பல கதைகள் உண்மையில் ஆரம்பிக்கின்றன.

கொமினிக்கேஷன் கடையில் பாமினியில் தட்டச்சு செய்து மின்னஞ்சலில் அனுப்பினேன். திறந்தால் ஒரே ஆங்கில எழுத்தாக இருக்கிறதாம். ஏன்?
— வாசகர், களுவாஞ்சிக்குடி

ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்துச் செய்த எழுத்துரு பாமினி. பெறுபவரின் கணினியில் அது இல்லாவிட்டால் அடியில் கிடக்கும் ஆங்கில எழுத்துத்தான் வெளியே தெரியும். கடைக்காரரிடம் கோப்பைப் பிடிஎஃப் ஆக்கித் தரச் சொல்லுங்கள், எழுத்துருவும் சேர்ந்து போய்விடும். எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோட்டில்தான் வேண்டும் என்று கேட்டிருந்தால் எழுத்துரு மாற்றியில் போட்டு மாற்றலாம், ஆனால் மாற்றியதை அப்படியே அனுப்பாதீர்கள். பாமினியில் சில நிறுத்தக்குறி விசைகளிலும் தமிழ் எழுத்துகள் இருப்பதால் காற்புள்ளியும் மேற்கோள் குறியும் புரண்டுவிடும். இடையில் ஆங்கிலத்தில் அடித்த சொல் இருந்தால் அதுவும் தமிழ் எழுத்தாகிக் குழம்பும். ஒருமுறை வாய்விட்டு வாசித்துப் பார்த்தால் எல்லாம் பிடிபடும்.

இன்னொன்று. கதைத்தாளில் பெயர் இருக்கக் கூடாது என்பது அநேகமாக எல்லாப் போட்டிகளிலும் உள்ள விதி. தாளில் அழித்துவிட்டுக் கோப்புக்குத் தன் பெயரையே வைத்து அனுப்புகிறவர்கள் நிறையப் பேர். கோப்புக்குக் கதையின் தலைப்பை வையுங்கள். கோப்பின் தகவல் பகுதியில் 'ஆசிரியர்' என்ற இடத்தையும் வெறுமையாக்குங்கள். பெயர், முகவரி, தொலைபேசி எல்லாம் தனித்தாளில்.

சுனாமியைப் பற்றி எழுதினால் நடுவர்களுக்குச் சலித்துவிடும் என்கிறார்கள். உண்மையா?
— வாசகர், திருக்கோவில்

சலிப்பது சுனாமி அல்ல, ஒரே சுனாமிக் கதை திரும்பத் திரும்ப வருவதுதான். அலை வருகிறது, பிள்ளை கைநழுவுகிறது, தாய் கரையில் நின்று கதறுகிறாள், முடிந்தது. அதே வீட்டில் ஆறு மாதத்துக்குப் பிறகு, வீட்டுத்திட்டப் பெயர்ப்பட்டியலில் யார் குடும்பத் தலைவர் என்று வந்த தகராறை எழுதுங்கள், நடுவர் நிமிர்ந்து உட்காருவார்.

அதைவிடப் பெரிய சிக்கல் விவரப் பிழை. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, போயா என்ற முழுநிலா விடுமுறை தினமும்கூட. அன்று காலையில் வெள்ளைச் சீருடையோடு பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பும் கதையை இந்தக் கரையோரத்து நடுவர் மூன்றாவது வரியிலேயே மூடிவிடுவார். கடற்கரையில் ஓடுகிறவர் "சுனாமி வருது!" என்று கத்துவதும் அப்படித்தான். அந்தச் சொல் அன்று காலையில் இங்கே யார் வாயில் இருந்தது? "கடல் வருது" என்றுதான் ஓடினார்கள். மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியைத் தொட்டால் அது 1978 நவம்பர் 23. வெள்ளத்தை எழுதினால் மாரிமழைக் காலத்தில் வையுங்கள். சித்திரையில் வாவி பெருகி, வெள்ளம் கடலுக்கு வடிய முகத்துவாரம் வெட்டும் காட்சியை எழுதினால், வாவிக்கரையில் வளர்ந்த எவரும் சிரிப்பார்கள். பெரும்போக அறுவடையை ஐப்பசியில் வைப்பதும் இதே ரகம், அது விதைப்பின் காலம்.

மட்டக்களப்பு என்றதும் வரும் மீன்பாடும் தேனாட்டையும் கல்லடிப் பாலத்தையும் ஊர் அடையாளத்துக்காக மட்டும் கொண்டுவராதீர்கள். பாலத்தில் ஒருவர் நிற்கிறார் என்றால் அங்கே அவருக்கு ஏதாவது வேலை இருக்க வேண்டும்.

உரையாடலில் எங்கள் ஊர்ப் பேச்சை அப்படியே எழுதலாமா? கொழும்பு நடுவருக்கு விளங்குமா?
— வாசகி, ஏறாவூர்

எழுதுங்கள். "மறுகா வாறன், ஒள்ளம் பொறுங்க" என்றால் முன்பின் வரிகளே பொருளைச் சொல்லிவிடும். அடைப்புக்குறிக்குள் விளக்கம் போட்டால் உரையாடல் அங்கேயே செத்துவிடும். ஏறாவூர்ப் பேச்சும் பக்கத்துச் செங்கலடிப் பேச்சும் ஒன்றல்ல என்பது உங்களுக்கே தெரியும். பாத்திரத்துக்குப் பாத்திரம் அந்த வேறுபாடு தெரியட்டும், ஒரே பாத்திரம் மூன்று ஊர் வழக்கில் பேசத்தான் கூடாது. கதைசொல்லியின் வரிகளைப் பொதுத்தமிழில் வைத்தால் வாசிக்க இலகு.

முகநூலில் போட்ட கதையைப் போட்டிக்கு அனுப்பலாமா? அழித்துவிட்டால்?
— வாசகர், சம்மாந்துறை

"எங்கும் பிரசுரமாகாதது" என்று விதி இருந்தால் முடியாது. அழித்தாலும் வாசித்தவர்கள் இருக்கிறார்கள், திரைப்பிடிப்பும் இருக்கும். ஒரே கதையை ஒரே நேரத்தில் இரண்டு போட்டிக்கு அனுப்புவதும் வேண்டாம்.

பரிசு பெற்றால் கதையின் உரிமை அவர்களுக்குப் போய்விடுமா? தபாலில் அனுப்பும்போது எதைக் கவனிக்க வேண்டும்?
— வாசகர், அக்கரைப்பற்று

இலங்கையின் 2003-ஆம் ஆண்டின் 36-ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதிய உடனேயே பதிப்புரிமை உங்களுடையது. பதிவு செய்யத் தேவையில்லை. உங்கள் ஆயுட்காலமும் அதற்குப் பின் 70 ஆண்டும் அது நிற்கும். பரிசுக் கதைகளைத் தொகுப்பாக வெளியிட அனுமதி கேட்பது வழக்கம், கொடுக்கலாம். "சகல உரிமைகளும் ஏற்பாட்டாளருக்கே" என்றிருந்தால் கையெழுத்து வைக்குமுன் கேட்டுத் தெளிவுபெறுங்கள்.

தபாலுக்கு: "கிடைக்கக்கூடியதாக" என்ற சொல் அறிவித்தலில் இருந்தால் தபால் முத்திரைத் திகதி உதவாது, முடிவுத் திகதியன்று கடிதம் அவர்கள் கையில் இருக்க வேண்டும். கொழும்புக்கு என்றால் ஒரு வாரம் முந்துங்கள், இடையில் போயா விடுமுறை வருகிறதா என்று கலண்டரையும் பாருங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, உறையின் இடது மேல் மூலையில் போட்டியின் பெயரையும் பிரிவையும் எழுதுங்கள். கையெழுத்துப் படிகளைப் பொதுவாகத் திருப்பி அனுப்பமாட்டார்கள். ஒரு போட்டோப் பிரதி எடுத்து, பதிவுத் துண்டை அதோடு சேர்த்துக் குத்தி வையுங்கள்.