கிங் கர்ட்டிஸ் சாக்ஸபோன் பத்தி கொஞ்சம் கேள்வி பதில்

கேள்வி: போன தடவ அமெரிக்கப் பாடகி அரீதா ஃபிராங்க்ளின் பத்தி எழுதுனப்போ கிங் கர்ட்டிஸ்னு ஒரு பேரு போற போக்குல வந்துச்சு. யாருங்க அவரு? தனியா ஏதாச்சும் ஹிட் குடுத்திருக்காரா?

பதில்: பேரு தெரியாட்டியும் அவர் வாசிச்சத எங்கயாவது நிச்சயம் கேட்டிருப்பீங்க. டெக்சாஸ்ல ஃபோர்ட் வொர்த்ல 1934ல பொறந்தவரு, நியூயார்க் வந்து செஷன் ஆர்ட்டிஸ்ட் ஆனாரு, அதாவது யார் பாட்டா இருந்தாலும் ஸ்டூடியோவுல இருந்து கூப்புட்டா போயி டெனர் சாக்ஸ் (சாக்ஸபோன்ல ஒரு வகை) வாசிச்சு குடுத்துட்டு வர்ற வேல. தனி ஹிட்டும் இருக்கு, 1962ல ‘சோல் ட்விஸ்ட்’ ஆர் அண்ட் பி (ரிதம் அண்ட் ப்ளூஸ்) பாட்டுகளோட ஹிட் பட்டியல்ல நம்பர் ஒன். 1967ல வந்த ‘மெம்ஃபிஸ் சோல் ஸ்டூ’ இன்னும் அழகு, சமையல் குறிப்பு சொல்ற மாதிரி பேஸ் இவ்ளோ டிரம்ஸ் இவ்ளோன்னு அவரே பேசிக்கிட்டு ஒவ்வொரு வாத்தியமா உள்ள இறக்குவாரு. இன்னொண்ணு, கிடார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் பேரு வாங்குறதுக்கு முன்னாடி 1966ல இவரு பேண்ட்லதான் கிடார் வாசிச்சிட்டு இருந்தாரு.

கேள்வி: ஆனா அடுத்தவங்க பாட்டுல நடுவுல கொஞ்ச நேரம் வாசிச்சிட்டு போனதுக்கெல்லாம் இவ்ளோ மரியாத தேவையா?

பதில்: கண்டிப்பா தேவைங்க, இத கேட்டதுக்கு நன்றி, ஏன்னா ரொம்ப நாளா சொல்லணும்னு மனசுல கெடந்த விஷயம் இது. அரீதாவோட ‘ரெஸ்பெக்ட்’ பாட்ட எடுத்துக்குங்க. 1965ல ஓடிஸ் ரெடிங் பாடுனப்போ அந்தப் பாட்டுல பிரிட்ஜே, அதாவது நடுவுல வேற மாதிரி திரும்புற பகுதியே, கெடையாது, 1967ல அரீதா பாடும்போது நடுவுல ஒண்ணு வேணும்னு சாம் அண்ட் டேவ்னு ஒரு பாடகர் ஜோடியோட பாட்டு ஒண்ணுல இருந்து கார்ட்ஸ (சேந்து ஒலிக்கிற சுரங்கள) எடுத்து சொருகி அத கர்ட்டிஸ் கையில குடுத்தாங்க, இதுல விஷயம் என்னன்னா பாட்டு ஓடுற சுருதி ஒண்ணு அந்த கார்ட்ஸ் இருக்குற எடம் வேற, சட்டுனு காலுக்கடியில தரையே மாறுற மாதிரி இருக்கும், இருந்தும் அவரு நுழையும்போது உங்களுக்கு இடிக்கவே இடிக்காது. இருபது செகண்ட் கூட வராது அந்த சோலோ. அவ்ளோ நேரம் அரீதா விட்ட மூச்ச இவரு புடிச்சு வச்சிருந்து திரும்ப அவங்க கையிலயே குடுக்குறாரு. அந்த இருபது செகண்ட எடுத்துட்டு பாட்ட நெனச்சுப் பாருங்க, எனக்கு முடியல.

வாசிப்பும் ஒரே மாதிரி இருக்காது. 1958ல கோஸ்டர்ஸ்ங்குற பாட்டுக் குழுவோட ‘யாக்கெட்டி யாக்’ல நாக்கால ரீட (சாக்ஸ்ல வாய் வைக்கிற எடத்துல இருக்குற மெல்லிசான பட்டைய) தட்டித் தட்டி நோட்ட துண்டு துண்டா வெட்டுவாரு, கோழி கொத்துற மாதிரின்னு சொல்லுவாங்க. அதே ஆளு சோல் பாட்டுக்கு வந்தா ஊதும்போதே தொண்டைக்குள்ள ஒரு குரல் குடுப்பாரு, அந்தக் குரலும் சாக்ஸ் சத்தமும் மோதி ஒரு கரகரப்பு வரும், க்ரவுல்னு சொல்றது அதத்தான். பாடகர் சாம் குக் 1963ல மயாமி ஹார்லெம் ஸ்கொயர் கிளப்ல பாடுன லைவ் ரெக்கார்டிங்ல பின்னாடி இவரு சாக்ஸ் இருக்கு, ஆனா அந்த ஆல்பம் வெளிய வந்ததே 1985லதான், கர்ட்டிஸும் இல்ல சாம் குக்கும் இல்ல அப்போ. ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்ல 2000ல சைடுமேன்னு, அதாவது அடுத்தவங்க பாட்டுக்குப் பின்னாடி வாசிக்கிறவங்களுக்குன்னு, ஒரு பிரிவு ஆரம்பிச்சாங்க, மொத வருஷமே இவரு பேரு சேந்துச்சு.

கேள்வி: சின்ன வயசுலயே போயிட்டாராமே?

பதில்: ஆமாங்க, 37 வயசு. 1971 ஆகஸ்ட் 13, நியூயார்க்ல தன்னோட வீட்டு வாசல்ல ஒரு தகராறு, கத்திக்குத்து. அந்த மார்ச்லதான் சான் ஃபிரான்சிஸ்கோவுல ஃபில்மோர் வெஸ்ட் அரங்குல அரீதாவோட வாசிச்சிருந்தாரு, ஜூலைல ஜான் லெனனோட ‘இமாஜின்’ ஆல்பத்துக்கு ரெண்டு பாட்டுல சாக்ஸ் குடுத்திருந்தாரு, அதாவது இறங்குமுகத்துல இருந்த ஆளு இல்ல. இறுதிச் சடங்குல அரீதா பாடுனாங்க, இவரோட கிங்பின்ஸ் பேண்ட் இவரு பாட்டு ‘சோல் செரனேட்’ வாசிச்சாங்க, முன்னாடி நின்னு ஊத ஆள் இல்லாம. இத எழுதும்போதே என்னமோ பண்ணுது.

கேள்வி: அவருக்கப்புறம் அந்த ஸ்டைல யாரு எடுத்துட்டுப் போனா?

பதில்: நிறைய பேரு, ஆனா எனக்கு மொதல்ல தோணுறது ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் பேண்ட்ல இருந்த கிளாரன்ஸ் கிளெமன்ஸ். கர்ட்டிஸ் வாசிப்பு தன்ன எவ்ளோ பாதிச்சுதுன்னு அவரே சொல்லியிருக்காரு. 1985ல அரீதாவோட ‘ஃப்ரீவே ஆஃப் லவ்’ பாட்டுக்கு சாக்ஸ் வாசிச்சது கிளெமன்ஸ்தான், கர்ட்டிஸ் நின்ன எடத்துலயே போயி நின்ன மாதிரி! கிளெமன்ஸ் 2011ல போனப்புறம் அந்த பேண்ட்ல அவரு எடத்துக்கு வந்தது அவரோட சொந்தக்காரப் பையன் ஜேக்.

கேள்வி: மொதல்ல எத கேக்குறது?

பதில்: ‘லைவ் அட் ஃபில்மோர் வெஸ்ட்’, கர்ட்டிஸ் பேர்லயே 1971ல வந்த ஆல்பம். அதுல ‘எ வைட்டர் ஷேட் ஆஃப் பேல்’ போடுங்க. பாடகர் யாரும் இல்ல, பில்லி ப்ரெஸ்டன் ஆர்கன், பெர்னார்ட் பர்டி டிரம்ஸ், கார்னெல் டுப்ரீ கிடார், பாடவேண்டிய வரி எல்லாத்தையும் சாக்ஸ்தான் பாடுது. ஃபோன் ஸ்பீக்கர்ல வேணாம், ஹெட்ஃபோன் போட்டு கேளுங்க, அந்தக் கரகரப்பு அப்பதான் காதுல விழும்.