கேட்டுக்கு எதிரில் குழாய் போகிறது, எங்களுக்கு ஏன் தண்ணீர் இல்லை?

கேள்வி (ஃபோல்சம் வாசகி): சார், போன வருடம் ஷிங்கிள் ஸ்பிரிங்ஸ் பக்கம் 5 ஏக்கர் வாங்கினோம். வீடு கட்டலாம் என்று போர் போட்டால் நிமிடத்துக்கு 2 கேலன்தான் வருகிறது. எங்கள் கேட்டுக்கு எதிரிலேயே தண்ணீர்க் குழாய் போகிறது, தீயணைப்பு ஹைட்ரன்ட்கூட இருக்கிறது. கேட்டால் நிலம் தண்ணீர் மாவட்டத்தின் எல்லைக்கு வெளியே இருக்கிறதாம். விற்ற ஏஜென்ட், "அப்ளிகேஷன் போட்டால் கிடைத்துவிடும்" என்று சொல்லித்தான் விற்றார். என்ன செய்வது?

பதில்: ஏஜென்ட் சொன்னதை மறந்துவிடுங்கள் அம்மா. அந்தக் குழாய் அநேகமாக அடுத்த குன்றில் இருக்கும் குடியிருப்புக்காகப் போட்டது. அதற்குப் பணம் கட்டியவர்களும் அவர்கள்தான். கலிஃபோர்னியாவில் தண்ணீர் மாவட்டம் என்பது தனக்கென்று எல்லைக்கோடு உள்ள ஓர் அரசு அமைப்பு. கோட்டுக்கு வெளியே இருப்பவருக்கு அது நினைத்தபடி இணைப்புக் கொடுக்க முடியாது.

முதலில் சொத்துவரி பில்லை எடுங்கள். அதில் 'டாக்ஸ் ரேட் ஏரியா' என்று ஓர் எண் இருக்கும். உங்கள் நிலம் எந்தெந்தப் பொது அமைப்புகளின் எல்லைக்குள் விழுகிறது என்பது அந்த எண்ணில் அடக்கம். காபி குடிக்கப் போகிற சாக்கில் எதிர் வீட்டுக்காரர் பில்லையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். இரண்டு எண்ணும் வேறு என்றால் உங்கள் இரு நிலத்துக்கும் நடுவே ஏதோ ஒரு கோடு ஓடுகிறது. அது தண்ணீர்க் கோடுதானா என்று கவுண்டி (மாநிலத்தின் உட்பிரிவு) அலுவலகத்தில் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

கோட்டை நகர்த்தும் அதிகாரம் லாஃப்கோ என்கிற ஆணையத்திடம் இருக்கிறது. 1963இல் மாநில சட்டமன்றம் உண்டாக்கியது. 58 கவுண்டிகளுக்கும் தனித்தனியாக ஒன்று உண்டு. கவுண்டி சூப்பர்வைசர்கள் (கவுண்டியை நிர்வகிக்க மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள்), நகரசபை உறுப்பினர்கள், பொதுமக்கள் சார்பில் ஒருவர் என்று உட்கார்ந்திருப்பார்கள். தண்ணீர் மாவட்டம் சம்மதித்தாலும் இவர்கள் சரி என்று சொல்லாமல் நிலம் உள்ளே வராது. லாஃப்கோ ஒவ்வொரு மாவட்டத்துக்கும் இன்னொரு கோடும் போட்டு வைத்திருக்கும்: பிற்காலத்தில் இந்த மாவட்டம் எதுவரை வளரலாம் என்கிற கோடு. அதை 'ஸ்ஃபியர்' என்பார்கள். உங்கள் நிலம் அதற்குள் இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. வெளியே என்றால் முதலில் ஸ்ஃபியரைத் திருத்தக் கேட்க வேண்டும். அதற்குச் செலவும் காலமும் தனி.

உடனே சர்வேயரைப் பிடிக்காதீர்கள். நான் பல வருடம் இதே மாதிரி ஒரு மாவட்டத்தின் திட்டப் பிரிவில், மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன். காசு கொட்டி மேப் வரைந்து, சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வருபவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். நாங்கள் முதலில் கேட்பது மேப்பை அல்ல, வீடு எந்த உயரத்தில் வரப்போகிறது என்பதைத்தான். ஒவ்வொரு 2.31 அடி ஏற்றத்துக்கும் குழாயில் ஒரு பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு) அழுத்தம் குறையும். நீங்கள் வீடு கட்ட நினைக்கும் மேடு சாலையைவிட 100 அடி உயரம் என்றால் 43 பிஎஸ்ஐ போச்சு. கேட்டில் 60 இருந்தால் ஷவரில் 17. அதில் குளிக்க முடியாது, சோப்பு நுரையோடு நிற்கலாம். தவிர, எதிரில் போவது தொட்டியிலிருந்து தொட்டிக்குப் போகிற பெரிய குழாய் என்றால் அதில் வீட்டு இணைப்பே எடுக்க விட மாட்டார்கள். ஆகவே மாவட்ட அலுவலகத்தில் நேரம் வாங்கிக்கொண்டு போய் மூன்று விஷயம் கேளுங்கள்: எந்தக் குழாயிலிருந்து கொடுப்பீர்கள், என் மேட்டுக்கு அழுத்தம் எவ்வளவு வரும், எத்தனை அடி குழாய் நான் போட வேண்டியிருக்கும். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

அதற்கப்புறம்தான் லாஃப்கோவுக்கு மனு. நிலச் சொந்தக்காரர்களே மனு கொடுக்கலாம், அல்லது மாவட்டத்தின் போர்டு தீர்மானம் போட்டு அனுப்பலாம். சர்வேயர் வரைந்த மேப்பும் எல்லை விவரமும் வேண்டும். சுற்றுச்சூழல் சட்டப் பரிசீலனை உண்டு. ஒற்றை வீட்டு நிலத்துக்கு விலக்குக் கிடைக்க வாய்ப்பிருக்கிறது. பலர் மாட்டிக்கொள்கிற இடம் ஒன்று சொல்கிறேன். எல்லை மாறும்போது சொத்துவரியில் யாருக்கு எவ்வளவு என்று ஓர் உடன்பாடு வேண்டும். அந்தத் தீர்மானம் வராமல் லாஃப்கோ உங்கள் மனுவை முழுமையானது என்று ஏற்காது. பணம் கட்டியாயிற்று, எல்லாம் கொடுத்தாயிற்று, ஏன் நகரவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் இதைத்தான் கேட்டுப் பார்க்க வேண்டும். ஒப்புதல் கிடைத்தபின், அதில் போட்ட நிபந்தனைகளை 1 வருடத்துக்குள் முடிக்காவிட்டால், நீட்டிப்பு வாங்காத பட்சத்தில், எல்லாம் ரத்து.

உங்கள் பக்கத்து மாவட்டம் எல் டொராடோ இரிகேஷன் டிஸ்ட்ரிக்ட். அவர்களுடைய ஃபோல்சம் ஏரித் தண்ணீரில் ஒரு பகுதி மத்திய அரசின் நீர் நிர்வாக அமைப்பான ரெக்லமேஷன் பீரோவோடு போட்ட ஒப்பந்தப்படி வருவது. புது நிலத்தைச் சேர்த்தால் பீரோவின் ஒப்புதலும் தேவையா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

செலவைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். எல்லைக்குள் சேர்ப்பதற்கான கட்டணத்தைக் கண்டு பயப்படுகிறார்கள். உண்மையில் ஆளை முழுங்குவது சாலையில் நீங்கள் போட்டுக் கொடுக்க வேண்டிய குழாய். அடுத்தது கொள்ளளவுக் கட்டணம், அதாவது மாவட்டத்தின் குழாய், தொட்டி வசதிகளில் உங்கள் பங்குக்கான தொகை. அது மீட்டர் அளவைப் பொறுத்தது. 2011இலிருந்து இங்கே கட்டும் புது வீடுகளில் தீயணைப்பு ஸ்பிரிங்க்ளர் கட்டாயம். அதனால் சின்ன மீட்டர் போதும் என்று நினைத்திருந்தவருக்கு 1 அங்குல மீட்டர் வேண்டியதாகி, கட்டணம் ஏறவும் கூடும்.

அதனால்தான் தனியாகப் போகாதீர்கள் என்கிறேன். உங்கள் சாலையில் கோட்டுக்கு வெளியே இருக்கிற எல்லோரையும் கூப்பிட்டுப் பேசுங்கள். நிலச் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டால் பொது விசாரணை, எதிர்ப்பு மனு எதுவும் இல்லாமலே லாஃப்கோ முடித்துவிட முடியும். குழாய்ச் செலவும் பங்காகும். ஒருவர் முரண்டு பிடித்தால்கூட வழி அடைபடாது, நாள்தான் இழுக்கும். வாக்காளர்கள் 12 பேருக்குக் குறைவான இடம் என்றால் சொந்தக்காரர்களின் நில மதிப்பை வைத்து எதிர்ப்பைக் கணக்கிடுவார்கள். பாதி மதிப்புக்கு எதிர்ப்பு வந்தால்தான் மனு விழும்.

கிணறு வற்றி குடிக்கவே தண்ணீர் இல்லை என்கிற நிலைக்கு வேறு வழி உண்டு. ஆரோக்கியத்துக்கு ஆபத்து என்று காட்டினால், எல்லைக்கு வெளியேயும் தண்ணீர் கொடுக்க லாஃப்கோ அனுமதிக்கலாம். 2014 வறட்சியில் ஈஸ்ட் போர்ட்டர்வில்லில் வீட்டுக் கிணறுகள் வரிசையாக வற்றின. பின்னால் மாநில அரசின் பணத்தில் 700-க்கும் மேற்பட்ட வீடுகளைப் பக்கத்திலுள்ள போர்ட்டர்வில் நகரக் குழாயில் இணைத்தார்கள். உங்களுக்கு அந்த நிலை இல்லை, அந்த வழியில் போகப் பார்க்காதீர்கள்.

ஏன் இல்லை என்கிறேன் என்றால், 2 கேலன் என்று நீங்கள் அழுகிறீர்களே, அது நாளொன்றுக்கு 2,880 கேலன். அமெரிக்கக் குடும்பம் ஒன்று நாளைக்குச் செலவழிப்பது சராசரியாக 300 கேலன் சொச்சம். 5,000 கேலன் தொட்டி ஒன்றும் ஒரு பம்பும் இருந்தால் வீடு ஓடும். ஸ்பிரிங்க்ளருக்குத் தனி இருப்பு எவ்வளவு என்று தீயணைப்புத் துறையிடம் கேளுங்கள். ஒரே பயம், அந்த மலையடிவாரத்தில் தண்ணீர் பாறை வெடிப்புகளில்தான் ஊறுகிறது. மழை முடிந்து ஏப்ரலில் அளந்ததை நம்பாமல், கோடை முடிந்து செப்டம்பர் கடைசியில் இன்னொரு முறை அளந்து பாருங்கள். அப்போதும் 2 கேலன் நின்றால் தொட்டியை வைத்து வீட்டைக் கட்ட ஆரம்பியுங்கள். அக்கம்பக்கத்தாரோடு மனு வேலை ஒரு பக்கம் நடக்கட்டும்.

கேள்வி (ஃப்ரீமான்ட் வாசகர்): நண்பர்கள் 20 குடும்பம் சேர்ந்து நிலம் வாங்கிப் பிரித்து வீடு கட்டப் போகிறோம். மாவட்டத்தில் சேராமல் சொந்தமாக ஒரு போர் போட்டு, நாங்களே குழாய் இழுத்துக்கொண்டால்?

பதில்: செய்யாதீர்கள். 15 இணைப்போ அதற்கு மேலோ போனால் நீங்களே சட்டப்படி ஒரு பொதுக் குடிநீர் நிறுவனம். மாதிரி எடுத்துப் பரிசோதனை, தகுதிச் சான்று பெற்ற ஆபரேட்டர், மாநிலத்துக்கு அறிக்கை எல்லாம் உங்கள் தலையில். 2016இல் வந்த சட்டப்படி, பக்கத்திலிருக்கும் நிறுவனத்தோடு சேர வழி இருக்கிறதா என்று முதலில் ஆராய்ந்து காட்ட வேண்டும். எப்படியும் அந்த வாசலுக்குத்தான் போகப் போகிறீர்கள். 20 பேர் ஒரே மனுவில் போனால் பேரம் பேசவும் பலம் இருக்கும்.

கேள்வி (டெமெக்குலா வாசகர்): மாவட்ட இணைப்புக் கிடைத்துவிட்டது. பழைய போரை முருங்கைக்கும் மாமரத்துக்கும் வைத்துக்கொள்ளலாமா, மூடச் சொல்வார்களா?

பதில்: பெரும்பாலும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் போர்த் தண்ணீர் ஊர்க் குழாய்க்குள் பின்னோக்கிப் போய்விடாமல், மீட்டருக்குப் பக்கத்தில் பேக்ஃப்ளோ தடுப்பான் வைக்கச் சொல்வார்கள். வருடா வருடம் அதைச் சான்று பெற்றவர் வந்து பரிசோதிக்க வேண்டும், செலவு உங்களுடையது. போரை 1 வருடம் ஓட்டாமல் போட்டால் கைவிட்ட கிணறு என்று கணக்கு. மறுபடி உபயோகிக்கும் எண்ணம் உண்டென்று நீங்கள் காட்டாவிட்டால் முறைப்படி அடைக்கச் சொல்வார்கள். மோட்டாரை மாதம் ஒரு தடவையாவது ஓட்டி, தேதியைக் குறித்து வையுங்கள்.